ஒட்டுப்பால் மூடி

"ஏன்டி, ஒனக்குக் கேக்குறதுக்கு வேற கேள்வியே கெடைக்கலயா? வெளக்கு வைக்கிற நேரத்துல வயசானவள மடக்கி உக்கார வச்சு, 'அம்மாயி, நீங்க கள்ளு குடிப்பீங்களாமே'ன்னு கேக்குறியே, இதுக்குத்தான் ஒன்னயப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறாங்களா? யாரு சொன்னா? கடைசி வீட்டுக்காரியா? அவ வாயத் தைக்கணும்னா தோட்டத்துல இருக்குற நூலு பத்தாது. எந்திரிச்சுப் போ. தெரிஞ்சு என்ன பண்ணப் போற? பரீச்சையில கேப்பாங்களா?"

பேத்தி எழுந்திருக்கவில்லை. என் மகள் பெற்றது வேறு எப்படி இருக்கும்? முழங்காலைக் கட்டிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் சொல்கிறேன். கள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் கொழுந்தனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் புருஷனுக்கு அடுத்துப் பிறந்தவன். பெயர் சொல்ல மாட்டேன். கதையில் வெட்கம் நிறைய இருக்கிறது. செத்துப்போனவன் பெயரை அதோடு சேர்த்துச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவன் பால் வெட்டினான். வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்தில் அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அவன் இருமினால் இங்கே நான் தண்ணீர் குடிப்பேன்.

யாரைப் பார்த்தாலும் "சொகமா" என்று அவன் கேட்டதே கிடையாது. "வயித்துல என்ன இருக்கு?" என்றுதான் கேட்பான். விடியும் முன்னே பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட எல்லோரும் வரிசையாக நிற்போம். எல்லோருக்கும் தூக்கக் கண். இவன் மட்டும் ஒவ்வொருவர் வயிற்றையும் பார்த்துக்கொண்டு வருவான். கங்காணியையும் விடமாட்டான்.

"கங்காணியாரே, வயித்துல என்ன இருக்கு?"

"தேயிலச் சாயத்தண்ணி இருக்குடா. அதுக்கென்ன இப்ப?"

"அது ரெண்டு மரத்துக்குப் பொறவு மூத்தரமாப் போயிடுமே. வேறென்ன இருக்கு?"

"ஒம்மேல கோவம் இருக்கு. போய் மரத்தப் பாரு!"

சிரிப்போம். ஆனாலும் அவன் கேட்டதில் ஞாயம் இருந்தது. ரப்பர் மரத்தை வெளிச்சம் வரும்போதே வெட்டிவிட வேண்டும். வெயில் ஏறினால் பால் இறங்காது. உட்கார்ந்து சாப்பிட யாருக்கு நேரம்? ரொட்டியைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு ஓடுவோம். மரத்தடியில் பிரித்தால் அதுவும் காய்ந்து, கையும் பால் நாற்றம் பிடித்து, பாதியைத் தின்று மீதியைக் காக்கைக்குப் போட்டுவிட்டு வருவோம்.

"ரொட்டிக்குப் பல்லு வேணும், கை வேணும், குந்துறதுக்கு ஒரு கல்லு வேணும்" என்பான் கொழுந்தன். "நமக்கு எதுவும் இல்ல. காலு நடக்கும்போதே தொண்ட வேலையப் பாக்கணும், மதினி."

அதற்காக அவனே ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தான். பெண்சாதி சின்ன வயதிலேயே போய்விட்டாள். ஒரே மகள் வசந்தி கைப்பிள்ளை. சமையல் அவனே. முதல் நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பான். விடியற்காலையில் அதைப் பிசைந்து, வறுத்த குரக்கன் மாவைத் தூவி, லயத்துக்குப் பின்னால் நிற்கும் மரத்திலிருந்து விழுந்த பட்டர்புரூட் ஒன்றை வழித்துப் போட்டு, ஒரு வாழைப்பழத்தையும் நசுக்குவான். கெட்டித் தேங்காய்ப்பால், கித்துல் கருப்பட்டி ஒரு கடி, உப்பு ஒரு கல். எல்லாவற்றையும் மத்தால் கடைந்து, அரித்து, வாழை இலையைக் கூம்பாகச் சுருட்டிப் போத்தலில் இறக்குவான். நிறம் பாசி பிடித்த குளம் மாதிரி. நான் அதற்கு மாட்டுத் தண்ணி என்று பேர் வைத்திருந்தேன். வாயில் வைக்கும்வரைதான் குமட்டும். உள்ளே போய்விட்டால் பத்துமணித் தேத்தண்ணி வரைக்கும் வயிறு வாயைத் திறக்காது. அதை நான் அவனிடம் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. மாட்டுத் தண்ணி என்று சொல்லிக்கொண்டே வாங்கிக் குடிப்பேன்.

போத்தல் என்றால் சாராயப் போத்தல்தான். லயத்தில் வேறு என்ன போத்தல் கிடைக்கும்? குடிகாரர்கள் வீசினதைப் பொறுக்கி, சாம்பல் போட்டுக் கழுவி, பேர் ஒட்டின காகிதத்தைச் சுரண்டி, சுவரோரம் அடுக்கி வைப்பான். அவனோ சாராயத்தை மூக்கால்கூடத் தொடாதவன். எங்கள் மாமனார் குடித்தே போனவர். குடித்துவிட்டு வந்து சோற்றுப்பானையை வாசலில் போட்டு உடைப்பாராம். பிள்ளைகள் விடிய விடியப் பட்டினி கிடக்குமாம். அதைப் பார்த்து வளர்ந்தவன். கோயில் திருவிழாவில் யாராவது குடித்துவிட்டுத் தோளில் கை போட்டால் வீட்டுக்குப் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வருவான். அப்படிப்பட்டவன் வீட்டில்தான் லயத்திலேயே சாராயப் போத்தல் அதிகம்.

என் புருஷன் செத்த அன்றைக்கு இவனால் நான் பட்ட வெட்கம் கொஞ்சமா?

சாவு வீட்டில் பிணம் எடுக்கும்வரை அடுப்பு எரியக் கூடாது. பாடை கட்டியாகிவிட்டது. மேளக்காரர்கள் தயார். கொழுந்தன் ஒரு சாக்குப்பை நிறையப் போத்தலோடு வந்து நின்றான்.

"தூக்குறவங்க எல்லாம் இப்புடி வாங்க. ஆளுக்கு அரைப் போத்தல். மேளமும் வாங்க."

"அடேய், சாவு வீட்டுலயா?" என்று பெரியவர் ஒருவர் அதட்டினார்.

"அடுப்பு பத்த வைக்கலங்க. எல்லாம் பச்சையாக் கடைஞ்சது. அடுப்புதானே எரியக் கூடாது, வயிறு எரியலாமா?"

பிணத்துக்கு முன்னால் வரிசையாக நின்று சாராயப் போத்தலைத் தலைக்கு மேலே தூக்கிக் குடிக்கிறார்கள். ஓப்பநாயக்கவிலிருந்து என் அண்ணன் வீட்டார் அப்போதுதான் வந்து இறங்குகிறார்கள். என் அண்ணி என் காதில் வந்து, "என்னடி இது, ஒங்க தோட்டத்துல பொணத்துக்கு முன்னுக்கே ஊத்திக்குவாங்களா?" என்றாள். நான் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். புருஷனுக்காகக் குலுங்கி அழுகிறேன் என்று நினைத்து நாலு பேர் வந்து கட்டிக்கொண்டார்கள்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு, "மானத்த வாங்கிட்டியேய்யா" என்று ஏசினேன்.

"அந்த மேட்டுல ஏறுறப்போ பட்டினி கெடந்தவன் கால் மடங்கி, அண்ணன நடுவழியில கீழ போட்டிருந்தா மட்டும் மானமா இருந்திருக்குமா, மதினி?" என்றான்.

வசந்தி பெரியவளாகி, அவிசாவளைப் பக்கம் ஒரு கார்மென்ட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். எங்கள் லயத்திலிருந்து கத்தியும் வாளியும் தூக்காமல் வேலைக்குப் போன முதல் பெண் அவள்தான். இருட்டோடு பஸ் பிடிக்க வேண்டும். தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் ஆண்கள் அதைப் பற்றித்தான் பேசுவார்கள். தோட்டத்துத் தலைவருக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"காமன்ட்டுக்குப் போற புள்ளைங்க உருப்படாது. இன்னைக்கு ஒண்ணு போகும். அப்புறம் பத்து போகும். பொறவு ஒவ்வொண்ணா ஒரு கதையோட திரும்பி வரும்" என்பார்.

கொழுந்தன் கையைக் கழுவிக்கொண்டே, "தலைவரே, வயித்துல என்ன இருக்கு?" என்பான். அத்தோடு பேச்சு நின்றுவிடும்.

அவர் சொன்ன பத்துப் பேரில் என் மகளும் ஒருத்தி. இந்தப் பேத்தியின் அம்மா. வசந்தி போன வழியே தானும் போக வேண்டுமென்று தினம் என்னைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். "மொதல்ல அவ நெலைக்கட்டும்டி" என்று நான் சொல்லி வைத்திருந்தேன். வசந்தியை இன்னும் நிரந்தரமாக எடுக்கவில்லை; பழகுகிற ஆளாகத்தான் வைத்திருந்தார்கள். அவள் ஒரு தவறு செய்து திரும்பி வந்தால் எல்லாப் பெண்களுக்கும் அந்தக் கதவு சாத்தின மாதிரிதான்.

அப்பன் விடுவானா? தினமும் மகள் பைக்குள் ஒரு போத்தல். பஸ்ஸில் போகிறபோதே குடிக்கச் சொல்லி. பிளாஸ்டிக் மூடி எங்கே கிடைக்கும்? காகிதத்தைச் சுருட்டி அடைத்துக் கொடுப்பான். ஒருநாள் அது கசிந்து, பஸ்ஸில் பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மாவின் சேலையில் பச்சையாக வழிந்துவிட்டது. வசந்தி என்னிடம் வந்து அழுதாள்.

"பெரியம்மா, பஸ்ஸுல எல்லாரும் பாக்குறாங்க. பொம்பளப் புள்ள காலையில சாராயப் போத்தலத் தூக்கிக் குடிக்குதுன்னு. கைக்குட்டையச் சுத்திக் குடிச்சாலும் தெரியுது."

"அப்பாகிட்டச் சொல்லேன்."

"எப்புடிச் சொல்றது? அவரு எனக்கு முந்தி எந்திரிச்சுக் கடையுறாரு."

அதன் பிறகு அவள் பஸ் நிற்கிற இடத்துப் பலாமரத்தடியில் போத்தலைக் கவிழ்த்துவிட்டுப் பஸ் ஏறத் தொடங்கினாள். எனக்குத் தெரியும். சொல்லவில்லை. எறும்புதான் சொன்னது.

"மதினி, பலாமரத்தடியில சிவப்பெறும்பு மொய்க்குது."

"பலாப்பழம் விழுந்திருக்கும்யா."

"இது பலாக் காலம் இல்லயே."

சுவரோரம் அடுக்கியிருந்த போத்தல்களைப் பார்த்தான். பிறகு அவனே சொன்னான்:

"மூடி சரியில்ல. ஒழுகுற போத்தலப் புள்ள எப்புடிப் பஸ்ஸுல கொண்டு போகும்? ஊத்தத்தான் செய்யும்."

மகளைப் போய்க் கேட்க அவனுக்குப் பயம். மூடியைச் சரிசெய்வது சுலபம் என்று அதைப் பிடித்துக்கொண்டான். மரத்து வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்தெடுத்தான். அதுதான் ஒட்டுப்பால். அதை இழுத்து உருட்டி, போத்தல் கழுத்தில் திணித்து, அடுப்புப் புகையில் கட்டித் தொங்கவிட்டு, வெட்டுக்கத்தியால் செதுக்கி ஒரு மூடி செய்தான். தண்ணீரை நிரப்பி, என் தலைக்கு மேலே போத்தலைக் கவிழ்த்துப் பிடித்தான்.

"ஒரு சொட்டு விழுந்தா எங்காத அறுத்துக்குங்க."

விழவில்லை. அவன் முகத்தில் அன்றைக்கு இருந்த பெருமை அவன் கல்யாணத்திலும் இருந்ததில்லை. பக்கத்தில் நின்ற வசந்தியின் முகத்தைப் பார்த்தேன். இனிமேல் ஒழுகுகிறது என்றும் சொல்ல முடியாதே என்று நின்றாள் பாவம்.

பிறகு அந்த நாள் வந்தது. மறுநாள் காலையில் பழகுகிற பெண்களை எல்லாம் மெஷினில் உட்கார வைத்துத் தைக்கச் சொல்வார்கள். நன்றாகத் தைப்பவளை நிரந்தரமாக்குவார்கள் என்று வசந்தி வந்து சொன்னாள். கொழுந்தனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தோட்டத்து எல்லையில் கித்துல் மரம் ஏறுகிற சிங்கள ஐயா ஒருவர் இருந்தார். அவரிடம் போய்ச் சாயங்காலமே ஒரு செம்பு நிறையப் பதநி வாங்கி வந்தான். பூவிலிருந்து சொட்டுகிற இனிப்புத் தண்ணீர் அது. காய்ச்சினால் கருப்பட்டி.

"கருப்பட்டி எதுல செய்யுறாங்க? இதுலதானே. நாளைக்கு நேரா மரத்துலருந்தே புள்ளைக்குக் குடுத்துடுவோம். தெம்பாத் தைக்கும்."

"புளிச்சுப் போயிடாதாய்யா?" என்று கேட்டேன்.

சிரித்தான். "மரத்துப் பாலப் பத்தி எனக்கே சொல்றீங்களா, மதினி? நான் வெட்டுற பாலு சிரட்டையில எவ்வளவு நேரம் நிக்குது? கெட்டா போச்சு?"

ரப்பர் மரத்தையே பார்த்து வளர்ந்த மனிதன். மரம் என்றால் எல்லாம் ஒரே சாதி என்று நினைத்துவிட்டான். நானும் அதே மரத்தடியில் வளர்ந்தவள்தானே, சரி என்று விட்டுவிட்டேன். சாயங்காலமே எல்லாவற்றையும் கடைந்து, பதநியை ஊற்றி, கழுத்து வரைக்கும் நிரப்பி, ஒட்டுப்பால் மூடியை உள்ளங்கையால் தட்டித் தட்டி இறுக்கினான். காலையில் குளிர்ந்து போகக் கூடாதென்று அடுப்போரத்தில், இளஞ்சூட்டில் வைத்தான். கள்ளு விற்கிறவன்கூட அவ்வளவு பக்குவமாகப் புளிக்க வைக்க மாட்டான்.

அது பஸ்ஸில் குண்டு வைக்கிற காலம். ஏறினவுடன் ஆசனத்துக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள். யாருடைய பை என்று தெரியாவிட்டால் கொண்டக்டர் பஸ்ஸை நிறுத்திவிடுவான். வசந்தி மாதிரித் தமிழ்ப் பெண்கள் பொட்டை அழித்துவிட்டு ஏறுவார்கள். அன்றைக்கும் அழித்துவிட்டுத்தான் ஏறினாள். சோதனை நாள் ஆனதால் அப்பன் கொடுத்ததை ஊற்ற மனசு வரவில்லை. குடிக்கலாம் என்று மடியில் வைத்திருந்தாள். ரோடு குண்டும் குழியும். பஸ் தூக்கிப் போட்டது.

"டப்!"

மூடி பறந்து பஸ் கூரையில் அடித்துத் திரும்பி யார் தலையிலோ விழுந்தது. உள்ளே இருந்தது பீய்ச்சியடித்து ஜன்னல், சட்டை, முகம் எல்லாம் பச்சை. முன் ஆசனத்துப் பெண் ஒருத்தி "போம்பே!" என்று கத்தினாள். குண்டு என்று. அவ்வளவுதான். டிரைவர் பிரேக்கை அழுத்த, சனம் ஜன்னலால் குதித்தது. ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து, செருப்பை விட்டு, குடையை விட்டு, ஓடி ரோட்டோரம் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். பஸ்ஸுக்குள் வசந்தி மட்டும் தலையிலிருந்து சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தாள். கையில் பாதிப் போத்தல்.

பிறகு ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்கள். அப்புறம் அவளுடைய அடையாள அட்டையைக் கேட்டார்கள். பேரைப் படித்தார்கள்.

வசந்தியைப் பிடித்து வைத்திருப்பதாகப் பக்கத்துப் பொலிஸ் காவல்சாவடியிலிருந்து தோட்டத்து ஆபீசுக்குப் போன் வந்தது. மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்த கொழுந்தனுக்கு ஆள் போனது. தாய் இல்லாத பிள்ளை என்று நானும் கிளம்பினேன். மனிதன் இடுப்பில் வெட்டுக்கத்தியோடு ஓடி வருகிறான்.

"அடேய், கத்தியப் போட்டுட்டு வாய்யா! ஒருத்தரப் புடிச்சது போதாதா?" என்று நான் கத்த வேண்டியிருந்தது.

வசந்தி ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடியில் பட்டர்புரூட் காய்ந்து ஒட்டியிருந்தது. போத்தலைத் தூரத்தில் மணல் மூட்டைமேல் வைத்திருந்தார்கள். யாரும் கிட்டப் போகவில்லை. பஸ்ஸில் வந்த சனம் அந்தப் பக்கம் கூட்டமாக நின்றது. வசந்தி கஞ்சி என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறாள். கஞ்சி எங்கேயாவது வெடிக்குமா என்று நம்பவில்லை.

கொழுந்தன் நன்றாகச் சிங்களம் பேசுவான். பொலிஸ்காரனை ராலாமி என்றுதான் கூப்பிடுவோம்; மற்றபடி அவர்கள் பேசினதைத் தமிழில் சொல்கிறேன்.

"ராலாமி, அது சாப்பாடுதான். நான் செஞ்சது. புள்ள பசியோட போகக் கூடாதுன்னு."

"சாப்பாடு வெடிக்குமா?"

"மூடிய கொஞ்சம் இறுக்கிட்டேன், ராலாமி."

"சாப்பாடுன்னா நீயே குடிச்சுக் காட்டு."

நேராகப் போய் எடுத்தான். வாய்க்குக் கொண்டுபோனான். மூக்குக்கு நேரே வந்ததும் கை நின்றுவிட்டது.

நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். எனக்கும் வாடை அடித்தது. அசல் கள்ளு. மனிதனுக்கு முகத்தில் ரத்தம் இல்லை. போத்தலைப் பார்க்கிறான், மகளைப் பார்க்கிறான். குடிக்காவிட்டால் பிள்ளை குண்டு கொண்டு வந்தவள். குடித்தால் பிள்ளைக்குக் கள்ளு கொடுத்து அனுப்பின அப்பன்.

கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். அடிவரைக்கும் குடித்தான். தொண்டை ஏறி இறங்குவதை எல்லோரும் பார்த்தோம். வெறும் போத்தலைக் கவிழ்த்துக் காட்டினான்.

ராலாமி கிட்ட வந்து போத்தலை மோந்து பார்த்தான். "மே ரா னே!" என்று சத்தம் போட்டான். இது கள்ளுதானே என்று. அவன்தான் முதலில் சிரித்தான். பிறகு கூட்டம் முழுக்கச் சிரித்தது. பயந்த சிரிப்பு அடங்குகிறதா? ரோட்டில் குப்புறப் படுத்தவர்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். "தங்கச்சி விடியும்போதே ஊத்திக்கிட்டுத்தான் வேலைக்குப் போகுது" என்றான் கொண்டக்டர். ராலாமி பெரிய மனுசன் மாதிரி கொழுந்தன் தோளைத் தட்டி, "பொம்பளப் புள்ளைக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்புப்பா, கள்ளு வேணாம்" என்றான்.

இல்லை, அது கள்ளாகப் போய்விட்டது, நான் ஊற்றினது வேறு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"சரி, ராலாமி" என்றான். தலையைத் தூக்கவே இல்லை.

போகலாம் என்று விட்டுவிட்டார்கள். வசந்தி எங்கே போவாள், வீட்டுக்கா, வேலைக்கா என்று தெரியாமல் நின்றாள். அப்போது குண்டு என்று கத்தின அந்தச் சிங்களப் பெண் கிட்ட வந்தாள். அவளுக்கும் முகம் சரியில்லை. குழாயில் கைக்குட்டையை நனைத்து வசந்தியின் தலையைத் துடைத்தாள். பேசாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். அவளுக்கும் அதே கார்மென்ட்டில்தான் வேலையாம்; பஸ் பழுதாகிப் போனது என்று அங்கே அவளே சொல்லிச் சமாளித்தாளாம். வசந்தி தைத்தாள். அவளை எடுத்துக்கொண்டார்கள். அந்த வேலை போகவில்லை.

ஆனால் லயம் இருக்கிறதே.

திரும்பி வரும்போது கொழுந்தன் எனக்கு முன்னால் நடந்தான். மகளுக்குக் கடைந்ததில் மீதி வைக்காததால் அன்றைக்கு அவன் வயிற்றில் ஒன்றுமே இல்லை. வெறும் வயிற்றில் அரைப் போத்தல் கள்ளு. பழக்கமும் கிடையாது. தோட்டத்து ரோட்டில் ஏறும்போது கால் பின்னத் தொடங்கியது. பீலியடியில் பெண்கள் குடத்தோடு நிற்கிறார்கள். தலைவர் நிற்கிறார். எல்லோர் கண்முன்னேயும் அங்கேயே குந்தி, எல்லாவற்றையும் வாந்தி எடுத்தான். நான் முதுகைத் தடவினேன்.

"மதினி" என்றான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "மூக்குக்கு நேர வந்தப்ப எங்கப்பா வாடை அடிச்சுச்சு."

பீலியில் வாயைக் கொப்பளித்துவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

மறுநாள் பெரட்டில் வரிசையாக நின்றோம். அவன் யார் வயிற்றையும் பார்க்கவில்லை. கங்காணி பேர் கூப்பிட்டபோது "இருக்கேன்" என்றான், அவ்வளவுதான். கங்காணியே ரெண்டு தரம் அவனைத் திரும்பிப் பார்த்தார். கேட்பானோ என்று காத்திருந்தார் போல. வசந்தி இருட்டோடு வெறும் வயிற்றில் போயிருந்தாள். சுவரோரத்துப் போத்தல்களெல்லாம் சாக்குக்குள் போய்விட்டன.

சாயங்காலம் நான் குடத்தோடு பீலிக்குப் போனபோது ஒரே பேச்சு. தலைவர் நடுவில் நின்றார்.

"நான் அன்னைக்கே சொன்னேன். அப்பன் கள்ளு ஊத்திக் குடுக்குறான், மவ பஸ்ஸுல குடிச்சுக்கிட்டுப் போவுது. அவனும் தள்ளாடிக்கிட்டு வந்தத எல்லாரும் பாத்தீங்கதானே? நாளையிலருந்து அந்தப் புள்ள பஸ் ஏறக் கூடாது. வேற எந்தப் புள்ளயும் போகக் கூடாது. கோயில் கமிட்டியில வச்சுப் பேசிடுவோம்."

பெண்கள் ஆமாம் போட்டார்கள். என் மகள் என் பின்னால் வந்து நின்றாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. லயத்தின் கடைசியில் வசந்தி அப்போதுதான் வேலை முடிந்து வந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரமாக நடக்கிறாள். கொழுந்தன் வாசலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். எல்லாம் அவன் காதில் விழுகிற தூரம்தான்.

அன்றைக்கு அங்கே நான் சொன்னதால்தான் இந்தப் பேத்தியின் அம்மா அடுத்த மாதமே அதே பஸ்ஸில் வசந்தி பக்கத்தில் உட்கார்ந்து போனாள். கொழுந்தனும் சாக்கை அவிழ்த்தான். பதநியை விட்டுப் பழையபடி கருப்பட்டிதான் போட்டான், மூடியில் ஊசியால் ஒரு ஓட்டையும் குத்தினான். கடைசி வீட்டுக்காரி இன்றைக்கும் என்னைக் கள்ளுக்காரி என்று சொல்வதும் அதனால்தான். சொல்லிவிட்டுப் போகட்டும்.

குடத்தைப் பீலிக்குக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நான் சொன்னேன்:

"என்ன எல்லாரும் எங்கொழுந்தன் தலைய உருட்டுறீங்க? அது எம்போத்தலு. ஆமா, என்னோடதுதான். முழங்கால் வலிக்குக் கொஞ்சம் கள்ளு வாங்கியாந்து குடுய்யான்னு நாந்தான் அந்தக் கித்துல்கார ஐயாகிட்ட அனுப்புனேன். மதினி கேட்டா மாட்டேன்னு சொல்லுவானா? அவன் கஞ்சிப் போத்தலும் எங்கள்ளுப் போத்தலும் அடுப்போரம் பக்கத்துப் பக்கத்துல இருந்துச்சு. இருட்டுல புள்ள என்னோடத எடுத்துட்டுப் போயிடுச்சு. அந்தப் பாவிமனுசன் என்னயக் காட்டிக் குடுக்காம, பொலிஸ்காரன் முன்னுக்கு அம்புட்டையும் தானே குடிச்சான். வாழ்நாள்ல தொடாதத குடிச்சா வாந்தி எடுக்காம பின்ன என்ன பண்ணுவான்? கமிட்டியில பேசணும்னா என்னயக் கூப்புட்டுப் பேசுங்க, நான் வாரேன். கள்ளும் போச்சு, முழங்காலும் வலிக்குது, அவன் கஞ்சியக் குடிச்சதுல விடியுற வரைக்கும் ஏப்பமா விட்டுக்கிட்டு இருந்தேன். ஏன் தலைவரே, மொகம் இப்புடி வாடியிருக்கு? வயித்துல என்ன இருக்கு?"